பற்றரி மாற்றினோம், றிமோட் வேலை செய்யவில்லை

சென்ற மே மாதம் யாழ்ப்பாணத்தில் அக்காவின் வேகன் ஆர் காரின் பற்றரி செத்துப்போனது. வீதியோரக் கடையொன்றில் புதியதைப் பூட்டினார்கள். பொத்தானை அழுத்தியதும் கார் ஸ்டார்ட் ஆனது. ஆனால் வீட்டுக்குள் இருந்தபடி ஸ்டார்ட் செய்யும் றிமோட்டை அழுத்தினால் ஒரு சலனமும் இல்லை.

அம்மாவுக்கு முட்டு வருத்தம். கிளினிக் நாட்களில், வெயிலில் கொதித்துக் கிடக்கும் காருக்குள் அவரை ஏற்ற முடியாது. சில நிமிடங்களுக்கு முன்பே ஏசி ஓடியிருக்க வேண்டும். காருக்கு அலாரம் பூட்டும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “உள்ளுக்க இருக்கிற பொக்ஸ் எரிஞ்சிட்டுது, புதுசு போடோணும்” என்று 45,000 ரூபா கேட்டார். திறப்பையும் திரும்பப் பதிய வேண்டி வரலாமாம். “தம்பி, ஒருக்கா வந்து பாக்கிறியோ?” என்றார் அக்கா. நான் படித்தது ஊடகக் கற்கை. இருந்தாலும் போனேன்.

முதலில் அந்தத் திறப்புக் கதை. பற்றரியைக் கழற்றினால் கார் தன் திறப்பை மறந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. திறப்பின் இலக்கம் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்தான் இருக்கிறது. காரின் சொந்தத் திறப்பு வேலை செய்கிறதென்றால் அந்தப் பகுதியில் பிழையில்லை. மறந்து போவது மணிக்கூடு, றேடியோ அலைவரிசைகள், ஒரே அழுத்தில் மூடும் யன்னல் கண்ணாடி போன்றவை. (சில டொயோட்டாக் கார்களில் திரை ஜப்பானிய மொழியில் இரகசிய இலக்கம் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். அது தனித் தலையிடி.)

அக்காவின் றிமோட் கார்த் தொழிற்சாலையில் பூட்டியதல்ல. ஹொக்கைடோ போன்ற பனிப் பிரதேசங்களில், காலையில் எஞ்சினைச் சூடாக்க ஜப்பானியர் தனியாக வாங்கிப் பூட்டும் சாதனம் அது. பழைய காரோடு இங்கே வந்து, குளிராக்கப் பயன்படுகிறது. 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் பழைய கார்களைத்தான் நாம் இழுத்துப் பிடித்து ஓடுகிறோம். ஆனால் அவற்றின் கையேடு நமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கிறது. “பொக்ஸ் எரிஞ்சிட்டுது” என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேச நம்மிடம் ஒன்றுமில்லை.

றிமோட்டை அழுத்தும்போது கார் என்ன செய்கிறது என்பதைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். விளக்கு மின்னுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சாதனம் உயிரோடு இருக்கிறது, ஏதோ காரணத்துக்காக மறுக்கிறது. கியர் பி இல் இல்லாமல் இருக்கலாம், கதவு சரியாகச் சாத்தாமல் இருக்கலாம். பற்றரி மாற்றிய பிறகு நான் முதலில் சந்தேகப்படுவது பொனற்றை. அதன் கீழே சில சாதனங்களுக்கு ஒரு சிறு சுவிற்ச் இருக்கும். பொனற் முழுதாக மூடாவிட்டாலும், உப்புக் காற்றில் சுவிற்ச் துருப்பிடித்தாலும் ஸ்டார்ட் ஆகாது. மெக்கானிக்கின் கை உள்ளே இருக்கும்போது எஞ்சின் ஓடிவிடக் கூடாது என்பதற்காகவே அது. அதை வயரால் இணைத்து ஏமாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

ஸ்டார்ட் ஆகிச் சில வினாடிகளில் நின்றால் கதை வேறு. எஞ்சின் ஓடுகிறதா என்பதைச் சாதனம் வேகத்தையோ மின்னழுத்தத்தையோ வைத்துத்தான் அறிகிறது. அந்த அளவு மறந்துபோனால் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

எங்களுடையது ஒரு மின்னலும் காட்டாத வகை. அப்படியென்றால் மின்சாரமே போகவில்லை. றிமோட்டுக்குள் இருக்கும் வட்டப் பற்றரியை மாற்றிப் பார்த்தோம், பலனில்லை. கார் பற்றரியை மல்ரிமீற்றரால் அளந்தேன். 12.6 வோல்ற், குறையில்லை. பிறகுதான் பொனற்றின் கீழே குனிந்து பார்த்தேன். பற்றரிக்குப் பின்னால், பியூஸ் கோர்த்த மெல்லிய சிவப்பு வயர் ஒன்று தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய பற்றரியின் நேர் முனையில் இருந்ததைக் கழற்றியவர்கள் திரும்பப் பூட்டவில்லை.

பூட்டினேன். விளக்கு மின்னியது, எஞ்சின் ஓடி உடனே நின்றது. டாஷ்போர்ட்டுக்குள் பிளாஸ்ரிக் உறையோடு கிடந்த ஜப்பானியக் கையேட்டைத் தொலைபேசிக் கமெராவால் மொழிபெயர்த்து, கற்றுக்கொடுக்கும் முறையைக் கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் போனது. முறை சாதனத்துக்குச் சாதனம் மாறும் என்பதால் எங்களுடையதை இங்கே எழுதிப் பயனில்லை.

ஒன்றை மட்டும் அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: காரை மூடிய கொட்டிலுக்குள் விட்டுவிட்டு றிமோட்டை அழுத்தக் கூடாது. புகையில் வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. கொட்டில் சுவருக்கு அடுத்தது அம்மாவின் அறை.

பற்றரியின் மேல் இப்போது ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருக்கிறது: “சின்னச் சிவப்பு வயரையும் பூட்டவும்.”