வீட்டுப் பலாவில் ஒரு மரவை
சொந்தத் தோட்டத்துக் கட்டையைக் கடைய நினைப்பவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் உளியல்ல, ஈரம்

மழைக்காலத்தில் இடுக்கி மலைச்சரிவில் ஒரு பலாமரம் சாய்ந்தால் வீட்டுக்காரருக்கு இரண்டு வழிகள்தான் தோன்றும்: மர வியாபாரிக்கு விற்பது, அல்லது அடுப்புக்குப் போடுவது. அதே அடிமரத்தில் அகன்ற மரவைகள் சில கடையலாம். உப்பும் புளியும் வைக்கும் மரக்கிண்ணத்துக்கு நம் பாட்டிகள் சொன்ன பெயர்தான் மரவை.

முதலில் சட்டம். சந்தனம் சொந்த நிலத்தில் முளைத்திருந்தாலும் வனத்துறை வழியாக அல்லாமல் தொட முடியாது. மறையூர் சந்தனக்காடு இருப்பதும் இதே இடுக்கியில்தான். அரசு பதித்துக் கொடுத்த நிலத்தில் தேக்கும் ஈட்டியும் நின்றால் அதுவும் வம்பு. 2020 அக்டோபர் 24-ம் தேதி கேரள வருவாய்த் துறை போட்ட உத்தரவைக் காட்டி வயநாட்டு முட்டிலில் ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டன. 2021 பிப்ரவரியில் உத்தரவு ரத்தாயிற்று, வழக்குகள் தொடர்ந்தன. பலாவுக்கு அந்த அளவு கெடுபிடி கிடையாது. ஆனாலும் ஏலமலைப் பகுதி என்றால் எந்த மரமானாலும் வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து அறுப்பு. உருண்டைக் கட்டையை அப்படியே போட்டுவைத்தால் நடு மையத்திலிருந்து வெடிப்பு ஓடும். எனவே மையத்தின் ஊடாகவே இரண்டாகப் பிளந்து, அந்த மையத்தை நீக்கிவிட வேண்டும். வெளுத்த ஓரப்பகுதியைப் பூச்சி அரிக்கும். மஞ்சள் வைரம்தான் நிலைக்கும். மரம் தன் பக்கவாட்டைவிட வெட்டுமுகம் வழியாகப் பல மடங்கு வேகமாக ஈரத்தை விடும். அறுத்த அன்றே வெட்டுமுகத்தில் மெழுகு பூசச் சொல்வது அதனால்தான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் கட்டைதான் விறகுக் குவியலுக்குப் போகிறது.

கடைசல் இரண்டு தவணை. ஈரக் கட்டையை லேத்தில் ஏற்றி, பத்து அங்குல மரவை என்றால் ஓர் அங்குலக் கனம் விட்டுக் குடைந்து எடுத்துவைக்க வேண்டும். வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பு நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடு நோக்கியும் கடைய வேண்டும். எதிர்த்துப் போனால் நார் பிய்ந்துகொள்ளும். பட்டையில் கசியும் பால் கையில் ஒட்டினால், பலாச்சுளை உரிக்கும்போது செய்வதுபோலத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு காத்திருப்பு. மாதங்கள் ஆகலாம். காற்றுப் பலமாக அடிக்காத இடத்தில் வைத்து வாரம் ஒருமுறை தராசில் போட்டு எடையைக் குறித்து வர வேண்டும். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. அதற்குள் வட்டம் முட்டை வடிவமாகியிருக்கும், ஏனென்றால் வளையங்களின் போக்கில் மரம் சுருங்குவது குறுக்கே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. விட்டுவைத்த அந்த அங்குலக் கனம் இங்கேதான் உதவுகிறது. மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்கலாம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் ஏமாற்றம். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் இடத்தில் காய்ந்த மரத்துக்குள் சுமார் 16 சதவீத ஈரம் தங்கும். 50 சதவீதக் காற்றில் அது ஒன்பதாக இறங்கும். இடுக்கியின் மழை ஈரத்தில் 'காய்ந்த' மரவையைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோனால், மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே வீசும் கிழக்கத்திக் காற்றில் அது இன்னொரு முறை சுருங்கும். எங்கே புழங்கப் போகிறதோ அங்கேயே சில வாரம் கிடக்கவிட்டு இரண்டாம் கடைசல் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

பலாவைக் குடைவது பாலக்காட்டுக்குப் புதிதல்ல. பக்கத்துப் பெருவெம்பாவில் மத்தளம், மிருதங்கம் செய்யும் குடும்பங்கள் குடைவது இதே மரத்தைத்தான். பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. மத்தளத்துக்குத் தோல் கட்டிய பிறகு கட்டை விரிந்தால் பட்ட பாடெல்லாம் வீண். மரவைக்காரருக்கு அந்தப் பயம் இல்லை. இரண்டாம் கடைசலுக்குப் பிறகு வாய் லேசாகக் கோணினாலும் உள்ளே இருக்கும் உப்புக்கு அது தெரியப் போவதில்லை.