கருங்குஞ்சு வாங்கும் முன்

கொல்கத்தாவின் டாக்குரியா போன்ற நெருக்கமான பகுதியில் மொட்டைமாடியில் நாலு கோழி வளர்க்க நினைப்பவர்களுக்கு அரிய இனங்கள் மேல் ஆசை வருவது நியாயம்தான். மேற்கு வங்கத்தின் ஹரிங்காட்டா கருங்கோழியும், 2018-ல் இறைச்சிக்குப் புவிசார் குறியீடு பெற்ற, மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா கடக்நாத் கோழியும் நாம் காக்க வேண்டிய இனங்கள். ஆனால் கறுப்பாக இருக்கும் குஞ்செல்லாம் கடக்நாத் ஆகிவிடாது.

வாங்கும்போது இனத்தின் பெயர், பொரித்த தேதி, போட்ட தடுப்பூசி மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம்.

குஞ்சுக்கு முதல் நாலு வாரம்தான் கண்டம். முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். குஞ்சுகளையே பாருங்கள்: சூடு தரும் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது; ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வாடைக்காற்றுப் படாமல் மறைப்புக் கட்டுங்கள். காற்றோட்டத்தை மட்டும் அடைக்காதீர்கள். தரையில் பரப்பும் உமியும் மறைப்புச் சாக்கும் தீப்பிடிக்கும். பல்பைக் கம்பியால் உறுதியாகக் கட்டித் தொங்கவிடுங்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். குஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளைக் குஞ்சுக்கு முத்தமிட விடாதீர்கள்.

2008 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பரவிய பறவைக் காய்ச்சலில் சுமார் 40 லட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. வீட்டுக் கொல்லைக் கோழிகளும் தப்பவில்லை. கோழிகள் திடீரென அடுத்தடுத்துச் செத்தால் அறுக்காதீர்கள், விற்காதீர்கள், குப்பையில் வீசாதீர்கள். உடனே அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் தெரிவிப்பது 2009 கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி வளர்ப்பவரின் கடமை. பறவைக் காய்ச்சலைத் தடுக்க அரசே அழிக்கும் பறவைகளுக்கு இழப்பீடு கேட்பது உங்கள் உரிமை.

கூண்டு வைக்கும் முன் குடியிருப்புச் சங்கத்திடமும் மாநகராட்சி வார்டு அலுவலகத்திலும் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சுத்தமான காற்றும் நிம்மதியான தூக்கமும் வேண்டுமல்லவா?

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், நோயை மறைக்காதீர்கள். நீங்கள் ஆசைப்பட்ட அந்த அரிய இனம் பிழைப்பது இவை இரண்டால்தான்.