லா சப்பல் (பாரிஸ்)

லா சப்பல் என்பது பிரான்சின் தலைநகரான பாரிஸ் மாநகரின் வடக்கே, 10ஆம், 18ஆம் வட்டாரங்கள் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ள ஒரு நகர்ப் பகுதியாகும். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்திருப்பதால் இது குட்டி யாழ்ப்பாணம் எனவும் அழைக்கப்படுகின்றது. தமிழர் பேச்சு வழக்கில் இப்பெயர் பெரும்பாலும் லா சப்பல் மெட்ரோ நிலையத்துக்குத் தெற்கே உள்ள ஃபோபூர் சான் தெனி, கய், பெர்தொனே ஆகிய தெருக்களையே குறிக்கும்.

வரலாறு

தனி ஊராக இருந்த லா சப்பல் 1860இல் பாரிஸ் நகருடன் இணைக்கப்பட்டது. பிரான்சுக்கு முதலில் வந்த தமிழருள் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரி, காரைக்கால் மக்கள் குறிப்பிடத்தக்கவர்கள். 1983 சூலைக் கலவரத்துக்குப் பின்னர் இலங்கைத் தமிழர் பெருமளவில் ஏதிலிகளாக வந்து சேர்ந்தனர்.

கடைவீதியும் குடியிருப்பும்

இங்கு பொருள் வாங்க வரும் தமிழரில் பெரும்பாலானோர் இப்பகுதியில் வசிப்பவர்கள் அல்லர். லா கூர்னவ் போன்ற வடக்குப் புறநகர்களில் வாழ்பவர்கள். புறநகர்த் தொடருந்துகள் வந்து சேரும் கார் து நோர் நிலையம் நடந்து செல்லும் தொலைவில் இருப்பதே இங்கு சந்தை உருவானதற்கு முதன்மைக் காரணம் எனலாம். எனவே இதனைக் குடியிருப்பு என்பதை விட, சிதறி வாழும் ஒரு சமூகம் கூடும் இடம் என்பதே பொருந்தும்.

உணவு

முருங்கைக்காய், கறிவேப்பிலை, ஒடியல் மா, கருவாடு முதலியன இங்குள்ள மளிகைக் கடைகளில் கிடைக்கின்றன. உணவகங்களில் இடியப்பம், அப்பம், தோசை ஆகியவற்றுடன் கொத்துரொட்டி சிறப்பிடம் பெறுகின்றது. சூடான தகட்டின் மீது ரொட்டியை இரும்புத் தகடுகளால் கொத்தும் ஓசை மாலையிலும் இரவிலும் தெரு வரை கேட்கும். ஏதிலிகளாக வந்தவர்களில் பலர் பாரிஸ் உணவகங்களின் சமையற்கட்டுகளில் பாத்திரம் கழுவுபவர்களாகவும் சமையலாளர்களாகவும் பணிபுரிந்தனர். பகலில் பிறருக்குச் சமைத்தவர்கள் தம் ஊர் உணவை உண்ட இடம் இது.

கலையும் விழாவும்

மெட்ரோ நிலையத்தின் அருகிலுள்ள பூஃப் து நோர் அரங்கு 1876இல் திறக்கப்பட்டது. 1952இல் மூடப்பட்ட இதனை நாடக இயக்குநர் பீட்டர் புரூக் 1974இல் மீண்டும் திறந்தார். 1985இல் அவினியோன் விழாவில் அரங்கேறிய அவரது மகாபாரதம் பின்னர் இங்கும் நடிக்கப்பட்டது.

அதே 1985ஆம் ஆண்டில் மாணிக்க விநாயகர் ஆலயம் நிறுவப்பட்டது. ஆகத்து இறுதியில் நடைபெறும் அதன் தேர்த் திருவிழாவின்போது தெருக்களில் தேங்காய் உடைக்கப்படுகின்றது, காவடிகள் ஆடுகின்றன.

ஓசை, அம்மா, எக்ஸில் ஆகிய சிற்றிதழ்கள் பாரிசிலிருந்து வெளிவந்தன. எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்த தீபன் திரைப்படம் 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. அதன் கதை புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நிகழ்கின்றது. லாரன்ஸ் வலன் 2024இல் இயக்கிய படத்தின் பெயரே லிட்டில் ஜாஃப்னா என்பதாகும்.

எதிர்காலம்

வசிப்பவர்களால் அன்றி வருபவர்களால் நிலைபெற்ற சந்தை இது. புறநகர்களிலேயே தமிழ்க் கடைகள் பெருகும்போதும், பிரான்சில் பிறந்த தலைமுறை வாரந்தோறும் வருவதை நிறுத்தும்போதும் இதன் தேவை குறையக்கூடும். எனவே லா சப்பலின் தொடர்ச்சி, அத்தலைமுறை உணவுக்கும் விழாவுக்கும் கலைக்கும் இங்கு தொடர்ந்து வருவதைப் பொறுத்துள்ளது.