ஆய்வு முன்மொழிவு எழுதும் நெறி

புதுமலையொன்றில் தேயிலைக் கன்று நடப் புகுவோர் எடுத்த எடுப்பிலேயே குழி தோண்டுவதில்லை. மண்ணைப் பார்க்கின்றனர், மழைநீர் வழிந்தோடக் கான் வெட்டுகின்றனர், சரிவை நோக்கி நிரை பிடிக்கின்றனர், நாற்றுமேடையிற் கன்று தேறிய பின்னரே அதனை மலைக்குக் கொண்டு செல்கின்றனர். இம்முன்வேலையில் நேர்ந்த பிழை முதலாண்டிற் புலப்படுவதில்லை. பல மழைகள் பெய்து மண் கரைந்தோடிய பின்னரே அது வெளிப்படும். அப்பொழுது திருத்துதல் அரிது. பல்கலைக்கழகப் பட்டத்தின் பொருட்டு ஆராய்ச்சியிற் புகும் மாணவனுக்கு ஆய்வு முன்மொழிவு இத்தகையதொரு முன்வேலையாகும்.

ஆய்வு முன்மொழிவு என்பது யாது? ஆராய்ச்சி தொடங்குமுன் மாணவன் தன் ஆசிரியர்களுக்கு எழுத்தில் அளிக்கும் திட்டமே அது. எதனை அறிய விரும்புகின்றான், அஃது இதுவரை அறியப்படாதது என்பதற்குக் காரணம் என்ன, எவ்வழியால் அறியப் போகின்றான், எவ்வளவு காலத்தில் எவ்வளவு செலவில் முடிப்பான், அறிந்ததனால் விளையும் பயன் யாது என்னும் ஐந்து வினாக்களுக்கு அது விடை கூறுதல் வேண்டும். மாணவர் பலர் இவற்றுள் இறுதி வினாவுக்கே பல பக்கங்களை ஒதுக்கி, முதல் வினாவை ஒரு வரியிற் கடந்து விடுகின்றனர். நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை ஆகிய ஊர்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் தாம் பிறந்த தோட்டங்களையே ஆய்வுக்களமாகக் கொள்ள விரும்புதல் இயல்பு. அவ்விருப்பம் பாராட்டத்தக்கது. ஆயின் விருப்பம் வேறு, வினா வேறு என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

‘மலையகத் தோட்டத் தொழிலாளரின் பிரச்சினைகள்’ என்பது ஒரு பொருள், அது வினாவன்று. அதனுள் ஊதியமும் உண்டு, வீடும் உண்டு, கல்வியும் உண்டு, குடியுரிமை வரலாறும் உண்டு. ஒருவன் ஓராண்டில் இவையனைத்தையும் தொட முடியும். ஒன்றையும் அறிய முடியாது. பொருளை வினாவாக்குதற்கு எளிய சோதனையொன்று உண்டு. ‘ஆம்’ என்றோ ‘அன்று’ என்றோ விடை வருதற்கு அதில் இடமுண்டா என்று பார்க்க வேண்டும். விடை முன்னரே முடிவு செய்யப்பட்டிருப்பின் அது விண்ணப்பமாகும், ஆராய்ச்சியாகாது. விண்ணப்பத்துக்கும் உலகில் இடமுண்டு. ஆனால் ஒன்றை மற்றொன்றின் பெயரால் எழுதுவது இரண்டையுமே வலுவிழக்கச் செய்யும்.

வினாவை வகுக்கும் முறைக்கு இம்மலைகளின் வரலாற்றிலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. தேயிலைக்கு முன் இங்கு கோப்பியே பயிராக இருந்தது. ஜேம்ஸ் டெயிலர் என்பார் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டபோது அது ஒரு சிறு முயற்சியாகவே கருதப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1869இல், கோப்பி இலையின் கீழ்ப்புறத்திற் செம்மஞ்சள் நிறப் பொடி படரும் நோயொன்று காணப்பட்டது. பேராதனைப் பூங்காவிலிருந்து துவெயிற்சு அனுப்பிய இலைகளை ஆராய்ந்த இங்கிலாந்து அறிஞர் பெர்க்கிலி, புரூம் ஆகிய இருவரும், அது ஒரு பூஞ்சணம் எனக் கண்டு ‘ஹெமிலியா வஸ்தாத்ரிக்ஸ்’ என்று பெயரிட்டனர். தோட்டத்துரைமார் கேட்ட வினாவோ ஒன்றே: இந்நோய்க்கு மருந்து யாது? சுண்ணாம்பு, கந்தகம் எனப் பல தூவப்பட்டன, நோய் நிற்கவில்லை.

இந்நிலையில் 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் அரசாங்கத்தின் சார்பில் இலங்கைக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் கல்வியை முடித்து அவருக்குச் சில காலமே ஆகியிருந்தது. அவர் மருந்தைப் பற்றிய வினாவை உடனே பற்றிக்கொள்ளாது, அதனைச் சிறு வினாக்களாகப் பிரித்தார். நோயின் வித்துகள் மரத்துக்கு மரம் எவ்வாறு செல்கின்றன? இலையின் எப்பகுதி வழியாக உள்ளே புகுகின்றன? புகுந்தபின் நோய்ப்புள்ளி தோன்ற எவ்வளவு நாளாகும்? ஒவ்வொரு வினாவுக்கும் அதனைத் தீர்க்கக்கூடிய ஒரு சோதனையையும் அவர் வகுத்துக்கொண்டார். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வரும் வித்துகளை அவற்றிற் படியச் செய்தார். வித்துகளை இலைமீது விதைத்து, அவற்றின் முளை இலைத்துளை வழியே உட்புகுவதை நுணுக்குக்காட்டியிற் கண்டார். இடையீடின்றி மலைமலையாக ஒரே பயிரை நட்டமையே நோய் இத்துணை விரைவாகப் பரவுதற்கு வழிவகுத்தது என்பதும் தெளிவாயிற்று.

இம்முடிவு துரைமாருக்கு மகிழ்ச்சி தரவில்லை. ஏனெனில் அவர்கள் வேண்டிய மருந்து அதில் இல்லை. அடுத்த சில ஆண்டுகளிற் கோப்பி அழிந்து, மலைகள் தேயிலைக்கு மாறின. ஆயினும் வார்டின் ஆய்வு தாவர நோயியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகின்றது. விடை தெரியாத ஒரு பெருவினாவை விடை காணத்தக்க சிறு வினாக்களாகப் பகுத்தலும், ஒவ்வொன்றுக்கும் எக்காட்சி தீர்ப்புக் கூறும் என்பதை முன்னரே குறித்துக்கொள்ளுதலுமே நல்ல முன்மொழிவின் உயிர்நிலை என்பதற்கு அது சான்றாகும்.

வினாவுக்கு அடுத்தது எல்லை. ஆர். ஜெயராமன் என்பார் இலங்கைத் தோட்டங்களிற் சாதியமைப்பின் தொடர்ச்சியை ஆராய்ந்து எழுதிய நூல் 1975இல் வெளிவந்தது. சாதி என்பதோ கடல் போன்ற பொருள். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது மூன்று தேயிலைத் தோட்டங்களின் சமூக அமைப்பையே. நூலின் தலைப்பிலேயே இவ்வெல்லை கூறப்பட்டுள்ளது. மூன்று தோட்டங்கள் எனின் உறவுமுறைகளையும் கோயில் உரிமைகளையும் திருமணத் தொடர்புகளையும் அருகிருந்து காணலாம். நூறு தோட்டங்கள் எனின் மேலோட்டமாகவே செல்லலாம். எனினும் எல்லையைச் சுருக்குவோன் இரண்டு கடன்களை ஏற்கின்றான்: ஏன் இவ்விடங்களைத் தெரிந்தான் என்று கூறுதல் வேண்டும், இங்கு கண்டதை எல்லா இடங்களுக்கும் உரியதெனக் கூறாதிருத்தல் வேண்டும்.

இனி, இந்நெறிகளை ஒரு பொருளிற் பொருத்திக் காண்போம். ஹற்றன் கல்வி வலயத்துத் தோட்டப் பிள்ளைகளின் இடைவிலகலை ஆராய ஒரு மாணவன் விரும்புகின்றான் எனக் கொள்வோம். ‘தோட்டப் பிள்ளைகள் ஏன் படிப்பை நிறுத்துகின்றனர்?’ என்பது அவன் முதலில் எழுதும் வரி. இதனை அவன் மேலும் குறுக்குதல் வேண்டும். எவ்வகுப்பில் நிறுத்துவோர்? க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் பின் நிறுத்துவோர் என வைத்துக்கொள்ளலாம். அவர்களுள்ளும் உயர்தரம் பயிலத் தகுதி பெற்றிருந்தும் நிறுத்தியவர் வேறு. தகுதி பெறாதவர் வேறு. இவ்விரு சாராரையும் ஒன்றாக எண்ணினால் விடை குழம்பும். ஆகவே வினா இவ்வாறு அமையும்: ‘உயர்தரம் பயிலத் தகுதி பெற்ற தோட்டப் பிள்ளைகள் படிப்பைத் தொடராமைக்குப் பாடசாலையின் தூரம் ஒரு காரணமா?’

இவ்வினாவுக்கு ‘ஆம்’ என்றும் விடை வரலாம். ‘அன்று’ என்றும் வரலாம். உயர்தர வகுப்பு அருகிலேயே உள்ள ஒரு பாடசாலையையும், உயர்தரம் பயிலப் பட்டினத்துக்குப் பேருந்தேறிச் செல்ல வேண்டிய மற்றொரு பாடசாலையையும் அவன் ஒப்புநோக்கலாம். தூரமே காரணமாயின் இரண்டாவதில் நிறுத்துவோர் விகிதம் மிகுந்திருக்கும். இரண்டிலும் ஒத்திருப்பின், தான் எண்ணியது பிழையென அவன் ஒப்புக்கொண்டு வேறு காரணத்தைத் தேடுதல் வேண்டும். எவ்வகைச் சான்று கிடைத்தால் தன் கருத்தைக் கைவிடுவான் என்பதை முன்மொழிவிலேயே எழுதிவைப்பவனை ஆசிரியர்கள் நம்புவர்.

இங்கு அடிக்கடி நிகழும் தவறொன்றைச் சுட்டுதல் தகும். இடைவிலகிய பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும் சென்று காரணம் கேட்போர் பலர். எல்லாரும் ‘வறுமை’ என்று கூறின், வறுமையே காரணமென எழுதிவிடுகின்றனர். ஆனால் அதே லயத்தில், அதே வறுமையில், படிப்பைத் தொடர்ந்த பிள்ளையும் இருக்கின்றதே! தொடர்ந்தோரையும் நிறுத்தியோரையும் ஒருங்கே வினவினால் மட்டுமே வேறுபாடு எங்குள்ளது என்பது விளங்கும்.

முன்னோர் நூல்களை ஆராயும் பகுதி, படித்தவற்றின் பட்டியல் அன்று. தோட்டத்துறைப் பெண் தொழிலாளரைப் பற்றி ரேச்சல் குரியன் 1982இல் எழுதியதும், தோட்டங்களின் கல்வி வரலாற்றைப் பற்றி அஞ்சலா லிற்றில் 1999இல் வெளியிட்டதும் இம்மாணவன் கற்கவேண்டிய நூல்களுள் அடங்கும். அவற்றை அவன் ‘இவர் இதனைக் கூறினார், அவர் அதனைக் கூறினார்’ எனத் தொகுத்தால் போதாது. அவர்கள் எவ்விடத்தில் நிறுத்தினர், அவர்கள் எழுதிய பின் எவை மாறின என்று நோக்க வேண்டும். அவ்விடைவெளியே அவன் நிற்கப்போகும் இடம்.

சான்றுகளைப் பற்றி மிக்க விழிப்பு வேண்டும். பாடசாலைச் சேர்வு இடாப்பும் வரவு இடாப்பும் சிறந்த சான்றுகளே. ஆயின் அவை தாமாகப் பேசுவதில்லை. 1970களின் இடாப்பொன்றைத் திறக்கும் மாணவன், ஒரே ஆண்டிற் பல பெயர்கள் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டு, அக்காலத்தில் இடைவிலகல் மிகுந்திருந்தது என எண்ணக்கூடும். ஆனால் 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இருநாடுகளும் சமமாகப் பங்கிட 1974இல் மற்றோர் உடன்பாடு ஏற்பட்டது. இவற்றின் விளைவாகத் தோட்டக் குடும்பங்கள் பல தலைமன்னார் வழியாகக் கப்பலேறின. வெட்டப்பட்ட பெயர் படிப்பை விட்ட பிள்ளையின் பெயராகவும் இருக்கலாம். நாட்டை விட்ட பிள்ளையின் பெயராகவும் இருக்கலாம். சிவப்பு மைக்கோடு இரண்டுக்கும் ஒன்றே. வரலாறறியாது எண்ணுபவன் பிரிவுத் துயரைச் சோம்பலெனக் கணக்கிட்டு விடுவான்.

தோட்டப் பதிவேடுகளும் அவ்வாறே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பெனிகளுக்குச் சென்றது. பலர் கை மாறிய ஏடுகள் முழுமையாக எஞ்சியிருக்கும் என எண்ணலாகாது. கண்ணாற் காணாத ஏட்டை ஆதாரமாகக் காட்டுவதாக முன்மொழிவில் வாக்களித்தலும் ஆகாது.

ஏடுகளினும் அருமையுடையோர் மனிதர். அவர்களை அணுகும் முறையை முன்மொழிவில் விரிவாக எழுதுதல் இன்றியமையாதது. கொழுந்து நிறுக்கும் வேளையிலும் காலைப் பெரட்டிலும் எவரையும் வினவலாகாது. அங்கு மேலாளர் செவி அருகிலுள்ளது. மாலையில் வீடு திரும்பும் தாய்க்குச் சமையலும் நீரெடுத்தலும் காத்திருக்கின்றன. லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் வசிக்கின்றது. தாழ்ந்த குரலிற் பேசுவதும் மறைவாகாது. ஆதலின் பேசும் இடத்தையும் நாளையும் அவர்களே தெரிவு செய்ய விடுதல் நன்று. தோட்ட முகாமையாளரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் அனுமதி பெறுதல் வேண்டும். ஆனால் அவ்வனுமதியே தொழிலாளியின் சம்மதமாகி விடாது. துரையின் ஆளென அவர் மாணவனை நினைத்தால் உண்மை வெளிவராது. விடை சொல்ல மறுக்கலாம், இடையில் நிறுத்தலாம், பெயர் வெளியிடப்படாது என்பவற்றை அவர்தம் மொழியில் விளக்குதல் கடமையாகும்.

மொழியும் ஒரு கருவியே. முன்மொழிவு ஆங்கிலத்தில் எழுதப்படினும் பேச்சு தோட்டத் தமிழிலேயே நிகழும். ‘பேர்’ என்பது அங்கு ஒரு நாள் வேலைக்குரிய கூலிப் பதிவைக் குறிக்கும். ‘அரைப் பேர்’ என்பது குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவருக்கு அரைநாட் கூலி எழுதுதலாகும். இச்சொல்லை வெறும் பெயரென மொழிபெயர்ப்பவன் ஒரு குடும்பத்தின் வருமானத்தையே தவறவிடுவான்.

காலத்திட்டம் நாட்காட்டியை மட்டும் நோக்கி எழுதப்படலாகாது. மலையையும் நோக்குதல் வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஹற்றன் பக்கத்துப் பாதைகள் இடர் மிக்கவை, மண்சரிவும் நேரும். சித்திரைப் புத்தாண்டிலும் தீபாவளியிலும் விருந்தினரால் வீடுகள் நிறையும். பரீட்சைக் காலத்தில் அதிபர்களுக்கு நேரமிராது. இவற்றை விலக்கி எஞ்சிய வாரங்களை எண்ணிப் பார்க்கும் மாணவன், இருநூறு வீடுகள் என்று எழுதியதை நாற்பதாகத் திருத்துவான். அத்திருத்தம் தோல்வியன்று, முன்மொழிவு தன் பணியைச் செய்ததற்கு அடையாளமாகும். பேருந்துக் கட்டணம், படியெடுக்கும் செலவு ஆகியவற்றையும் உள்ளவாறே காட்டுதல் வேண்டும்.

மலைநாட்டு மக்கள் நெடுங்காலம் பிறரால் எண்ணப்பட்டவர்கள். எடுத்த கொழுந்தின் றாத்தலும், விழுந்த பேரும், ஒப்பந்தத்தில் இலக்கமிட்ட தலைகளும் எழுதப்பட்டன. எண்ணியோர் தமக்கு வேண்டியதையே எண்ணினர். இன்று அம்மக்களின் பிள்ளைகளே வினா எழுப்பும் காலம் வந்துள்ளது. தன் மக்களைப் பற்றி எழுதுபவனுக்குச் சான்றிற் சலுகை இல்லை. அவனுக்கே கண்டிப்பு மிகுதியும் வேண்டும். பிழையான கணக்கொன்று அவன் கையால் எழுதப்படின், அதனை மறுத்துரைக்கப் பின்வருவோர் பெரிதும் இடர்ப்படுவர். ஆகவே முன்மொழிவின் சில பக்கங்களைப் பட்டத்துக்கான சடங்கெனக் கருதாது, நிரை பிடிக்கும் கயிறெனக் கருதி எழுதுதல் வேண்டும். கயிறு நேரானால் நிரையும் நேராகும்.