தாத்தா பாக்கெட்டில் வெடிமருந்து!

உங்க தாத்தா சட்டைப் பாக்கெட்டில் வெடிமருந்தோடு சுத்துறார்னா நம்புவீங்களா? ஷாக் ஆகி நெஞ்சைப் பிடிக்க வேண்டாம் பாஸ். பிடிச்சா உங்களுக்கும் அதே மருந்துதான்!

இதய நோயாளிகள் நெஞ்சுவலி வந்ததும் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற குட்டி மாத்திரைகளில் ஒரு வகை, நைட்ரோகிளிசரின். டைனமைட்டுக்கு உயிர் கொடுத்ததும் சாட்சாத் இதே சரக்குதான். மாத்திரையில் அரை மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கும். அதனால் வெடிக்காது. தாத்தாவைக் குலுக்கிப் பார்த்து ஆராய்ச்சி பண்ணாதீங்க.

1847-ல் இதைக் கண்டுபிடித்தவர் இத்தாலிக்காரரான அஸ்கானியோ சொப்ரேரோ. புதுசாக எது செய்தாலும் நாக்கில் வைத்துப் பார்ப்பது அந்தக் கால கெமிஸ்ட்ரி ஆட்களின் பழக்கம். இவரும் துளியூண்டு வைத்துப் பார்த்தார். தலைவலி மண்டையைப் பிளந்தது. ரத்தக்குழாயை இது விரிக்கிறது என்பதற்கு அந்தத் தலைவலிதான் முதல் க்ளூ.

அடுத்து வந்தவர் ஆல்ஃபிரட் நோபல். 1864-ல் ஸ்டாக்ஹோமில் அவருடைய பட்டறையில் நைட்ரோகிளிசரின் வெடித்ததில் செத்தவர்களில் ஒருவர் அவர் தம்பி எமில். லேசாக அதிர்ந்தாலே வெடிக்கிற அந்தத் திரவத்தை ஒருவகை மண்ணில் ஊற வைத்து அடக்கி, 1867-ல் டைனமைட்டுக்கு பேடன்ட் வாங்கினார் அண்ணன். அந்த ஃபேக்டரிகளில் ஒரு வேடிக்கை. வாரம் முழுக்க வேலை பார்க்கப் பார்க்க உடம்பு பழகிவிடும். ஞாயிறு லீவில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். திங்கட்கிழமை உள்ளே நுழைந்தால் மறுபடி மண்டையிடி. (நமக்கு வர்ற 'மண்டே ஃபீவர்' வேற, அது வேறங்க!)

1879-ல் வில்லியம் மரெல் என்ற லண்டன் டாக்டர் இதையே நெஞ்சுவலிக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். கடைசிக் காலத்தில் நோபலுக்கே இதய நோய் வர, டாக்டர் எழுதிக் கொடுத்தது எதை? நைட்ரோகிளிசரினை! ஜனங்கள் பயந்துவிடக் கூடாதே என்று அதற்கு 'டிரைநைட்ரின்' என்று பேர் வைத்திருக்கிறார்கள் என, நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரே நொந்து சிரித்திருக்கிறார். இந்த மருந்து உடம்புக்குள் நைட்ரிக் ஆக்ஸைடாக மாறி ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. நைட்ரிக் ஆக்ஸைடின் இந்த வேலையைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 1998-ல் மருத்துவப் பரிசு கிடைத்தது. யார் பேரில் உள்ள பரிசுன்னு சொல்லணுமா என்ன?

அடுத்த தடவை ஊட்டி டூரில் மலை ரயில் ஏறினால், அரவங்காடு ஸ்டேஷனில் எட்டிப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்து கார்டைட் ஃபேக்டரி அங்கேதான். துப்பாக்கி, பீரங்கியிலிருந்து குண்டைத் தள்ளுகிற அந்த கார்டைட்டிலும் நைட்ரோகிளிசரின் உண்டு.

ஆக, சரக்கு ஒண்ணுதான். எவ்வளவு இருக்கு, நாம எவ்வளவு தூரத்துல இருக்கோம்... இதுதான் கணக்கு. கார் ஏர்பேக்கைக் கண் சிமிட்டுவதற்குள் ஊதிப் பெரிதாக்குவதும் ஒரு குட்டி ரசாயன வெடிதான். சென்னை மௌலிவாக்கத்தில் 2014-ல் ஒரு 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்களே, அதன் பக்கத்துக் கட்டடத்தை 2016 நவம்பரில் தூண்களில் வெடி வைத்து சில விநாடிகளில் உட்கார வைத்தார்கள். சுற்றியிருந்த ஜனங்களை முதலிலேயே வெளியேற்றி இருந்ததால் யாருக்கும் ஒண்ணும் ஆகவில்லை.

தூரக் கணக்கு தப்பினால்? 1917 டிசம்பர் 6, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகம். வெடிமருந்து ஏற்றிய கப்பல் தீப்பிடித்து எரிய, ஊரே ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தது. கப்பல் வெடித்ததில் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்ணாடிச் சில் பாய்ந்து கண் போனவர்கள் நிறைய. 2020 ஆகஸ்ட் 4, பெய்ரூட் துறைமுகத்திலும் அதே காட்சி. கிடங்கில் வருஷக்கணக்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். பால்கனிகளில் செல்போனும் கையுமாக மக்கள். 200 பேருக்கு மேல் பலி. (அம்மோனியம் நைட்ரேட் வயலுக்கு உரம், கல் குவாரிக்கு வெடி.) அதைப் பார்த்த பிறகுதான் நம்ம சென்னை மணலிக் கிடங்கில் 2015-லிருந்து தூங்கிக் கொண்டிருந்த சுமார் 700 டன்னை அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரி ஏற்றினார்கள்!

சிவகாசி பக்கம் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 2012 செப்டம்பர் 5-ல் செத்த சுமார் 40 பேரில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் சத்தம் கேட்டு, காப்பாற்றலாம் என்றும் என்னதான் நடக்குதுன்னு பார்க்கலாம் என்றும் ஓடி வந்தவர்கள். அடுத்த வெடியில் சிக்கிக் கொண்டார்கள்.

ஒரு கிலோமீட்டர் தள்ளி பெரிய வெளிச்சம் தெரிந்தால், அதிர்ச்சி அலை உங்கள் ஜன்னலுக்கு வந்து சேர 3 விநாடிக்குள்தான். கண்ணாடியை விட்டு விலகிக் குனிய அவ்வளவு நேரம்தான் கிடைக்கும். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து கேமராவைத் திறக்கவே அதைவிட அதிக நேரமாகும்.