கார்ட்லெஸ் தொலைபேசி: அவசர வேளையில் கைகொடுக்குமா?

நோயாளி வீடு திரும்பும் நாளில் குடும்பத்தினரிடம் மருந்துச் சீட்டைத் தருகிறோம். உணவு முறையை விளக்குகிறோம். மறுபரிசோதனைக்கு வரவேண்டிய நாளைக் குறித்துக் கொடுக்கிறோம். அவற்றோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறோம். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால், படுக்கையில் இருந்தபடியே இவரால் யாரையேனும் அழைக்க முடியுமா?

ஆனைமலை வட்டாரத்தில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இங்குள்ள பல வீடுகள் தென்னந்தோப்பின் நடுவே தனித்து நிற்கும் சாளைகள். அடுத்த வீடு கூப்பிடு தொலைவில் இருப்பதில்லை. பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ கடல் கடந்தோ பணிபுரிய, முதியோர் இருவர் மட்டும் தோட்டத்தில் வசிக்கும் குடும்பங்கள் பல. மலையடிவாரத்தில் செல்பேசிக்குச் சிக்னல் எட்டாத மூலைகளும் உள்ளன. பக்கவாதம் தாக்கியவருக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பகுதி உதவிக்கு ஆள் தேடுவதிலேயே கழிந்துவிடக் கூடாது.

ஆகவேதான் கூடத்தில் இருக்கும் தரைவழித் தொலைபேசியோடு, கட்டிலருகே வைத்துக்கொள்ள ஒரு கார்ட்லெஸ் தொலைபேசி வாங்கலாமா என்று உறவினர் பலர் எண்ணுகின்றனர். வாங்கலாம். ஆனால் விலையையும் தோற்றத்தையும் பார்க்கும் முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்சாரம் நின்றால்?

கார்ட்லெஸ் தொலைபேசிக்கு இரு பகுதிகள் உண்டு. தொலைபேசிக் கம்பியோடும் மின் இணைப்போடும் பொருத்தப்படுவது பேஸ். கையில் எடுத்துப் பேசுவது ரிசீவர். ரிசீவருக்குள் பேட்டரி இருப்பதால் மின்தடையின்போதும் பேசலாம் என்று பலர் நம்புகின்றனர். அது சரியன்று. பேஸுக்கு மின்சாரம் இல்லையேல் ரிசீவரில் முழு சார்ஜ் இருந்தாலும் பயனில்லை.

கம்பியுள்ள பழைய தொலைபேசியின் நிலை வேறு. செப்புக் கம்பி வழியாக எக்ஸ்சேஞ்சிலிருந்தே ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரம் அதற்கு வந்துவிடுகிறது. எனவே வீடு இருளில் மூழ்கினாலும் அது ஒலிக்கும். இப்போது செப்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழை இணைப்பு வந்த வீடுகளில் இந்த வசதி இல்லை. அங்கே மோடமும் வீட்டு மின்சாரத்தில்தான் இயங்குகிறது.

ஆகவே பேஸையும் மோடத்தையும் இன்வெர்ட்டரிலோ சிறிய யு.பி.எஸ். கருவியிலோ இணைப்பது முதற்கடமை. சில மாடல்களில் மின்சாரம் நின்றதும், பேஸின் மேல் வைத்திருக்கும் ரிசீவரின் பேட்டரியே பேஸை இயக்கும். அத்தகைய மாடலில் இரண்டு ரிசீவர்கள் இருந்தால், ஒன்று பேஸின் மேல் இருக்க மற்றொன்றில் பேசலாம். செப்புக் கம்பி இணைப்பு உள்ளவர்கள் கம்பியுள்ள பழைய கருவியை எடைக்குப் போட்டுவிட வேண்டா. அதுவும் வீட்டில் இருக்கட்டும்.

எவ்வளவு தொலைவு எட்டும்?

இன்றைய கார்ட்லெஸ் தொலைபேசிகளில் பெரும்பாலானவை டெக்ட் எனும் ஐரோப்பியத் தொழில்நுட்பத்தில் இயங்குபவை. திறந்த வெளியில் 300 மீட்டர், வீட்டுக்குள் 50 மீட்டர் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பார்கள். இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே சுவர்களின் கணக்கு.

இதே டெக்ட் தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டுதான் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990களில் 'கார்டெக்ட்' என்ற முறையை உருவாக்கினர். கம்பி இழுக்கச் செலவு மிகுந்த கிராமங்களுக்குக் கம்பியின்றித் தொலைபேசி தருவது அதன் நோக்கம். கோபுரத்தின் மேல் ஓர் ஆன்டெனா, வீட்டுக் கூரையின் மேல் ஓர் ஆன்டெனா, இடையில் மறைப்பில்லை என்றால் 10 கிலோமீட்டர் வரை அது எட்டியது. மறைப்பு நீங்கியபோது பல கிலோமீட்டர் சென்ற அலை, வீட்டுச் சுவர்களிடையே சில பத்து மீட்டரில் தளர்ந்துவிடுகிறது.

நமது தொட்டிக்கட்டு வீடுகளின் சுவர்கள் தடித்தவை. புதிய வீடுகளிலோ கான்கிரீட்டும் இரும்புக் கம்பியும் அதிகம். ஆகவே பேஸை மூலையிலோ இரும்பு அலமாரிக்குப் பின்னாலோ வைக்காமல், வீட்டின் நடுவில், சற்று உயரமான இடத்தில் வைக்க வேண்டும். பின் ரிசீவரைக் கையில் எடுத்துப் பேசிக்கொண்டே படுக்கையறை, குளியலறை, மாட்டுத் தொழுவம், மோட்டார் அறை என ஒவ்வோர் இடத்துக்கும் நடந்து பார்க்க வேண்டும். குரல் அறுபட்டால் பேஸின் இடத்தை மாற்றலாம். அப்போதும் எட்டவில்லையெனில் கருவியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டு வைப்பது நல்லது.

யார் பயன்படுத்தப் போகிறார்?

கருவியைத் தேர்ந்தெடுப்பவர் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். பயன்படுத்தப் போகிறவர் நோயாளி. கண்புரை உள்ளவருக்குப் பெரிய எண்களும் ஒளிரும் பொத்தான்களும் வேண்டும். காது மந்தமானவருக்கு ஒலியை நன்கு கூட்டும் வசதி வேண்டும். காதுக் கருவி அணிபவர் அதை அணிந்தபடியே கடையில் பேசிப் பார்க்க வேண்டும். கை நடுக்கம் உள்ளவருக்கும் ஒரு கை செயலிழந்தவருக்கும் ஸ்பீக்கர் வசதியும், ஒரே பொத்தானில் அழைக்கும் வசதியும் இன்றியமையாதவை.

இரண்டு ரிசீவர் உள்ள கருவியில் இன்டர்காம் வசதி இருந்தால், நோயாளி கட்டிலிலிருந்தே சமையலறையில் இருப்பவரை அழைக்கலாம். இதற்குத் தொலைபேசி இணைப்புகூடத் தேவையில்லை. பேஸுக்கு மின்சாரம் இருந்தால் போதும். இரவெல்லாம் குரலுக்குக் காது கொடுத்தபடி விழித்திருக்கும் பராமரிப்பாளருக்கு இது பெரிய ஆறுதல்.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் செல்பேசியை அதிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு அப்பால் வைத்திருக்குமாறு அறிவுறுத்துகிறோம். கார்ட்லெஸ் ரிசீவருக்கும் அதே பழக்கத்தைப் பின்பற்றுங்கள். கருவி பொருத்திய பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசுங்கள். சட்டைப் பையில் வைக்காதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த கருவி

வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைகள் அன்போடு வாங்கி அனுப்பும் கருவிகளில் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் விற்கப்படும் 'டெக்ட் 6.0' வகைக் கருவிகள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. அந்த அலைவரிசை இந்தியாவில் செல்பேசிச் சேவைக்கு உரியது. ஆகவே அவை அக்கம்பக்கத்துச் செல்பேசிகளுக்கு இடையூறு செய்யும். இங்கே பயன்படுத்தத் தகாதவை. மேலும் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்ட அடாப்டரை நமது 230 வோல்ட் மின்சாரத்தில் செருகினால் எரிந்துபோகும். நம் நாட்டில் விற்பதற்கென்றே தயாரான கருவியை ரசீதோடும் உத்தரவாத அட்டையோடும் வாங்குவதே முறை.

ரிசீவருக்குள் இருப்பது மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றும் பேட்டரி. சில ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும். எங்கும் கிடைக்கும் அளவிலான பேட்டரி பொருந்தும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். கடிகாரத்துக்குப் போடும் சாதாரண பேட்டரியை அதில் போடலாகாது. சார்ஜ் ஏறும்போது கசியவோ வெடிக்கவோ கூடும்.

ஐப்பசி மழையில் இடி மின்னலின்போது கம்பியுள்ள தொலைபேசியைத் தொடாதிருப்பதே பாதுகாப்பு. கார்ட்லெஸ் ரிசீவரில் பேசுவதால் அந்த ஆபத்து இல்லை. பேஸைத் தொடாமல் தள்ளி நின்று பேசினால் போதும்.

மாதம் ஒரு சோதனை

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் முதல் இயங்கும் 108 ஆம்புலன்ஸ் சேவையைக் கட்டணமின்றி அழைக்கலாம். அழைத்தவுடன் இடத்தைக் கேட்பார்கள். பதற்றத்தில் சொந்த முகவரியும் மறந்துபோகும். எனவே ஊர்ப்பெயர், தோட்டத்தின் பெயர், எந்தச் சாலையில் எந்தப் பி.ஏ.பி. வாய்க்கால் பாலத்தருகே திரும்ப வேண்டும் என்பது வரை பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டி வையுங்கள்.

மாதத்தில் ஒரு நாள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நோயாளியையே ரிசீவரை எடுத்து ஓர் உறவினரை அழைக்கச் சொல்லுங்கள். சோதனைக்காக 108-ஐ அழைக்க வேண்டா. இருட்டில், எழுந்து நிற்காமல், கண்ணாடி அணியாமல் அவரால் அந்த அழைப்பைச் செய்ய முடிந்தால், நீங்கள் வாங்கியது நல்ல கருவி. முடியாவிட்டால் என்ன குறை என்பது அன்றே தெரிந்துவிடும். சரிசெய்ய நேரமும் இருக்கும்.