அழுகையும் ஆறுதலும்

மெய்ப்பாடுகள் எட்டு எனத் தொல்காப்பியர் வகுத்தார். அவற்றுள் ஒன்று அழுகை. அது பிறக்கும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காம் என மெய்ப்பாட்டியல் எண்ணிக் காட்டுகிறது. இந்நான்கையும் தேர்வுக்குரிய பட்டியலாகவே மாணவர்க்குச் சொல்லித் தருவது வழக்கம். ஆயினும், சாவு நேர்ந்த வீட்டிற்கு ஆறுதல் கூறச் செல்வோர்க்கு இதனினும் பயனுள்ள பட்டியல் வேறு கிடைத்தல் அரிது.

தாய், தந்தை முதலிய சுற்றத்தாரையும் இன்பம் தருவனவற்றையும் இழத்தல் இழவு. பண்டை நிலை கெட்டு வேறொரு நிலைக்கு ஆளாகி வருந்துதல் அசைவு. பிறர் இகழ எளியராதல் இளிவு. வேண்டுவனவற்றைத் துய்க்க இயலாத இன்மை வறுமை. உரையாசிரியர்கள் தரும் விளக்கத்தின் சுருக்கம் இதுவாகும்.

தோட்டத்துக் குடும்பம் ஒன்றில் தந்தை இறந்தார் எனக் கொள்வோம். ஆளை இழந்தது இழவு. குடியிருக்கும் வீடு அவருடைய வேலையைச் சார்ந்ததாயின், அதனை விட்டுப் பெயர வேண்டி வருவது அசைவு. மாதச் சம்பளம் நின்றுபோவது வறுமை. நேற்றுவரை திருமண வீட்டில் முன்னின்ற பெண்ணை இன்று நல்ல காரியத்திற்கு ஆகாதவள் என ஒதுக்கி வைப்பது இளிவு. கண்ணீர் ஒன்றே, அது ஊறும் இடங்கள் நான்கு. “அழாதே, எல்லாம் விதி” என்போர் இழவு ஒன்றையே கருதிப் பேசுகின்றனர். அதனை மாற்ற எவராலும் இயலாது. ஏனைய மூன்றையோ உற்றாரும் அயலாரும் முயன்றால் குறைக்க முடியும். ஆறுதல் சொல்லச் செல்வோர் முதலில் உணர வேண்டியது இவ்வேறுபாடேயாகும்.

இதற்குச் சங்க நூலிலேயே சான்று உண்டு. பாரி மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாட்டு, தந்தையும் பறம்புமலையும் தமக்கு இருந்த ஒரு நிலவையும் அவ்விரண்டும் இல்லாத மற்றொரு நிலவையும் எதிரெதிரே நிறுத்துகிறது. இழவும் அசைவும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பாரியின் நண்பராகிய கபிலர் இரங்கிப் பாடியதோடு நின்றாரல்லர். அம்மகளிரை அழைத்துச் சென்று விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அவர்க்கு மணவாழ்வு வேண்டினார். பின்னர் அவர்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துத் தாம் வடக்கிருந்தார் என்பது 236ஆம் பாட்டின் அடிக்குறிப்பால் விளங்கும். பிறர் துயரைச் சுமந்த கபிலரின் துயரைச் சுமக்க எவரும் முன்வந்ததாக அக்குறிப்புக் கூறவில்லை. தேற்றுவோரும் இழந்தோராக இருத்தல் கூடும். அவரையும் ஒருவர் கவனித்தல் வேண்டும்.

மலாயாத் தமிழர் வரலாற்றில் இதனினும் கொடிய நிலை ஒன்று நேர்ந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த சயாம்-பர்மா இரயில் பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வேலைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர், பெருந்தொகையினர் மீளவில்லை. வீட்டிலிருந்தோர்க்கு உடலும் கிட்டவில்லை. இறந்த நாளும் தெரியவில்லை. கருமாதியை எந்நாளில் செய்வது? கணவன் உளனோ இலனோ என்று அறியாத பெண் தன்னை யாரெனக் கொள்வது? இத்தகைய துயரைத் ‘தெளிவற்ற இழப்பு’ எனப் பெயரிட்டு அமெரிக்க அறிஞர் பவுலின் பாஸ் 1999இல் நூலொன்று வெளியிட்டார். அங்கே அசைவும் வறுமையும் உறுதிப்பட்டு நிற்க, இழவு மட்டும் உறுதிப்படாமல் நிற்கிறது. ஆதலின் அக்காயம் எளிதில் ஆறுவதில்லை.

துயரம் மறுத்தல், சினம், பேரம், சோர்வு, ஏற்றல் என்னும் ஐந்து படிகளில் செல்லும் என்பது இன்று பலரும் கூறும் கருத்து. 1969இல் மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் எழுதிய நூலில் தோன்றியது அது. அவர் நேரில் கண்டு பேசியது தீரா நோயால் சாவை எதிர்நோக்கியிருந்தவர்களோடு. எனவே இழந்தோர் யாவரும் அப்படிகளில் வரிசையாக ஏறுவர் என எதிர்பார்த்தல் பொருந்தாது. நெதர்லாந்தில் ஆய்வு செய்த மார்கரெட் ஸ்ட்ரோப, ஹென்க் ஷுட் ஆகிய இருவரும் 1999இல் வேறொரு விளக்கம் தந்தனர். துயருற்றோர் மனம் ஒருகால் இறந்தவரை நினைந்து உருகும். ஒருகால் மாறிய வாழ்வின் வேலைகளில் ஈடுபடும். இவ்வாறு மாறி மாறிச் செல்வதே இயல்பு என்பர் அவர்கள்.

பள்ளி ஆசிரியர்க்கு இவ்விளக்கம் பெரிதும் பயன்படும். தந்தை இறந்த சில நாளில் பந்து விளையாடும் சிறுவனைக் கல்நெஞ்சன் என்று எண்ணலாகாது. மறுநாள் கணக்குப் பாடத்தின் நடுவே அவன் அழுதால், அடக்கு என்று அதட்டலும் ஆகாது. சிறு குழந்தைகளிடம் “அப்பா தூங்குகிறார்” என்றோ “ஊருக்குப் போயிருக்கிறார்” என்றோ சொன்னால், அவர்கள் தூங்கவே அஞ்சுவர். அல்லது வாசலைப் பார்த்துக் காத்திருப்பர். இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்பதை அன்போடு உள்ளபடி சொல்லுதலே நன்று. இறந்தவரின் பெயரைக் குழந்தை எடுத்தால் பேச்சை மாற்றாமல் கேட்டல் வேண்டும். வகுப்பின் அன்றாட ஒழுங்கு மாறாதிருத்தலும் அதற்கு ஓர் ஊன்றுகோலாகும். இவை இழவைக் கருதிச் செய்வன. சீருடையும் புத்தகமும் கிடைக்க வழிசெய்வது வறுமையைக் கருதியது. வீடு மாறினாலும் பள்ளி மாறாமல் இருக்க முயல்வது அசைவைக் கருதியது. தகப்பன் இல்லாத பிள்ளை எனப் பிறர் குறிப்பிட்டுப் பேசாமல் தடுப்பது இளிவைக் கருதியது.

சாவு வீட்டில் உலை ஏறாதாகலின் அண்டை வீட்டார் சோறு சமைத்துக் கொண்டுவருதல் நம்மவர் வழக்கம். பதினாறாம் நாள் வரை துக்கம் கேட்க வருவோர்க்கும் குறைவில்லை. பதினேழாம் நாள் வீடு வெறிச்சோடுகிறது. வாடகைச் சீட்டும் பள்ளிச் செலவும் தீபாவளியும் அதன் பின்னரே வருகின்றன. ஆறுதல் கூற விரும்புவோர் அந்நாளைக் குறித்துவைத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை செல்வாராக.